கண்ணாடிக்குக் கொடுக்கும் மீன்

பார்துல் உளியைக் கல்லுக்குள் இறக்கினால் முதலில் வெளியே வருவது மீன் அல்ல, நாற்றம். அழுகிய முட்டையை முகத்துக்கு நேரே உடைத்தது போலிருக்கும். மெத்வீனா கல்குழியில் வேலை செய்கிறவர்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை. நாற்றம் வந்துவிட்டால் உளி பழுப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது என்று பொருள். மீன் கிடப்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

தீவின் இந்தப் பக்கத்துக் கல் ஏடு ஏடாகப் பிரியும். ராட்சதப் பல்லிகள் கரையில் திரிந்த காலத்தில் இங்கே நாலு பக்கமும் அடைபட்ட ஓர் அமைதியான கடல் இருந்தது. அதன் அடியில் மாவு போன்ற வெள்ளைச் சேறு படிந்து படிந்து, இறுகிக் கல்லானது. அலை வந்து கலக்காததால் ஒரு படிவு இன்னொன்றோடு முழுதாக ஒட்டிக்கொள்ளவில்லை. அதனால் விளிம்பில் உளியை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சத்தம் மாறும். கணீரென்று கேட்டது பொத்தென்று கேட்கும். அப்புறம் சுத்தியலுக்கு வேலையில்லை. விரலை நுழைத்துத் தூக்கினால் பெட்டி மூடி போலக் கல் திறந்துகொள்ளும். ஊரில் எல்லா வீட்டுக் கூரையும் இந்தக் கல்தான்.

மீன் உள்ள ஏடு எப்போதாவது வரும். சாப்பாட்டுத் தட்டைப் போல வட்டமான ஒரு மீன். அதன் வாய்க்குள் கூழாங்கற்களை வரிசை வைத்தது போன்ற பற்கள், சிப்பியை நொறுக்கித் தின்பதற்கு. இன்னொன்றை ஊசிவாயன் என்பார்கள், முகத்துக்கு முன்னால் ஒரு நீண்ட அலகு. துடுப்புகள் விரித்த விசிறிகளாக இருக்கும், விசிறியின் ஒவ்வொரு காம்பையும் தனியாகத் தொட்டுப் பார்க்கலாம். செதில்களில் பீங்கான் பளபளப்பு இன்னும் போகவில்லை. இன்றைக்கு எந்தக் கடலில் வலை வீசினாலும் இவை கிடைக்காது.

வருடக்கணக்காகப் பிளந்ததில் பார்துலுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருந்தது. பழுப்புக் கோடுகள் இரட்டையாகத்தான் வரும். முதல் கோடு நூல் போல மெல்லியது, அதன்மேல் நாலைந்து மீன்கள் வாயைப் பிளந்து, முதுகெலும்பை வில்லாக வளைத்துக் கிடக்கும். அதற்கு மேல் காகித கனத்துக்கு வெள்ளை. அதற்கும் மேல் இரண்டாவது கோடு, கனத்தது, கருத்தது. அங்கே பெரிதும் சிறிதும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, எது எதன் வால் என்று தெரியாதபடி மீன்கள். மெல்லிய கோடு மட்டும் தனியாக வந்து அவன் பார்த்ததில்லை. வானம் நீலமாக இருப்பதைப் போல அதுவும் ஒரு சங்கதி, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டான்.

கல்குழிக்காரர்களுக்கு இன்னொன்றும் பழக்கம். காற்றோட்டம் இல்லாத நாளில் அடித்தட்டில் பழுப்புக் கோட்டைப் பிளந்துகொண்டே இருந்தால், ஒரு நேரத்தில் நாற்றம் நின்றுவிடும். உண்மையில் நாற்றம் எங்கும் போவதில்லை. அதை உணர்கிற மூக்குதான் மரத்துப்போகிறது. அடுத்து நெற்றிப்பொட்டு வலிக்கும், அதற்கடுத்து கால் தள்ளாடும். அதனால் யாருக்காவது நாற்றம் நின்றால் உடனே அவன் "மேல ஏறு" என்று கத்துவான். ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லோரும் ஏறிவிடுவார்கள்.

அந்த வருடம் புனித மிக்கேல் திருநாளுக்கு முன்பு பார்துலுக்கு ஒரு தட்டுமீன் கிடைத்தது. உள்ளங்கை இரண்டை விரித்தால் மூடும் அளவு, ஒரு செதில்கூடக் குறையாதது. மெல்லிய கோட்டு மீன். அதன் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது தம்பி ஜெர்கோ மது ஜாடியோடு மேலேறி வந்தான்.

"என்னண்ணா, இன்னிக்கு யாரு செத்தது?"

"வாடா. வலையில ஒண்ணும் விழலைன்னு என் மீனை மோப்பம் பிடிக்க வந்துட்டியா?"

"என் மீனு நாலு நாளுக்கு அப்புறம்தான் நாறும். உன் மீனு செத்து எத்தனையோ யுகமாச்சு, இன்னும் நாறிக்கிட்டு இருக்கு. வீட்டுல லூக்ரா சொல்றா, திருநாள் சாப்பாட்டை உனக்குத் திண்ணையிலதான் போடணுமாம், உள்ள விடமாட்டாளாம்."

"திண்ணையோ வீடோ, சாப்பாடு கிடைச்சா சரி. ஜாடியைக் குடு."

ஜெர்கோ கொடுத்தான். கல்லைத் தூக்கி எடை பார்த்தான். அதில்தான் அவனுக்கு அக்கறை, ஏனென்றால் அந்தக் கல்லோடு தண்ணீருக்குள் போகப்போகிறவன் அவன்.

மெத்வீனாவில் அது வழக்கம். வருடம் முழுக்கக் கல்லிலிருந்து மீன் எடுக்கிறோம், மிக்கேல் திருநாளன்று ஒன்றைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுக்கவேண்டும். ஊருக்குக் கீழே செங்குத்துப் பாறைகள் சூழ்ந்த உப்புநீர்க் குளம் ஒன்று இருக்கிறது. காற்று உள்ளே இறங்காது, அலை எழாது. அதனால் அதற்குக் கண்ணாடி என்று பெயர். பாறை வெடிப்புகள் வழியாகக் கடல்நீர் உள்ளே கசிந்து வரும். மூழ்குகிறவன் மீன்கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு குதிப்பான். கல்லின் கனமே அவனைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஆழத்தில் ஒரு பாறைத்திட்டு, அங்கே பழைய மீன்கல் எல்லாம் அடுக்கியிருக்கும். அதன்மேல் வைத்துவிட்டு, மணிக்கட்டில் கட்டிய கயிற்றை அசைத்தால் மேலே படகில் இருக்கிறவன் இழுப்பான். கயிறு அசைவதற்கு முன்னால் இழுத்தால், கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டதாக அர்த்தம். அதைவிடப் பெரிய அவமானம் ஊரில் இல்லை. ஜெர்கோவின் கயிறு எப்போதும் அண்ணன் கையில்தான்.

"கண்ணாடியில சிப்பி வளக்கத் தொங்கவிட்ட கயிறெல்லாம் பாத்தேன்," என்றான் ஜெர்கோ. "அடிநுனி கருத்துப்போய்க் கிடக்கு. சிப்பிங்க வாயைத் திறந்தபடியே நிக்குது, தொட்டாலும் மூடலை."

"சூடு. கோடையில ஒரு சொட்டு மழை இல்லையே."

"அதான் நானும் நெனச்சேன்," என்றான் ஜெர்கோ. இரண்டு பேரும் ஜாடியைக் காலி செய்தார்கள்.

திருநாளுக்கு முந்தின இரவு வருடத்தின் முதல் வாடைக்காற்று அடித்தது. காலையில் நின்றுவிட்டது. பார்துல் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கோயில் முற்றத்துக்கு வந்தபோது எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதோ வந்துட்டாரு கல்குழி துரை," என்றாள் மாந்தே. கோயில் வெள்ளிச் சாமான்களைத் துலக்குகிறவள் அவள். வாய்க்குப் பயந்து பாதிரியாரே அவளிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார். "ஏம்பா பார்துல், ஒரு நாள், ஒரே ஒரு நாள் குளிச்சா செத்தா போயிடுவ?"

"குளிச்சுட்டுத்தான் வரேன் அக்கா."

"எதுல? முட்டையிலயா? இங்க பாரு, சாம்பலும் எலுமிச்சையும் போட்டு நேத்து சாயங்காலம் தேய்ச்சேன். கை வலி இன்னும் போகலை."

மிக்கேல் சிலையின் வெள்ளி வாள் அடுப்புக் கம்பி போலக் கருத்திருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. கல்லிலிருந்து வருவது கந்தக வாயு. வெள்ளி கந்தகத்தைக் கண்டால் விடாது, பிடித்துக்கொண்டு கறுப்புத் தோலாகிவிடும். கல்குழிக்குப் பக்கத்து வீடுகளில் கரண்டிகள் எப்போதும் கருத்தே இருக்கும். நாற்றம் அடிக்கிறதா, வெள்ளி கருக்கிறதா, பார்துல் மீன்கோட்டைப் பிளந்திருக்கிறான். மெத்வீனாவில் மூன்று தலைமுறையாக அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

பார்துலும் அப்படித்தான் நம்பினான். கையை முகர்ந்து பார்த்தான், சட்டையை முகர்ந்தான். துணியில் சுற்றிய மீன்கல்லையும் முகர்ந்தான். அதில் ஒன்றும் இல்லை. அது அவனுக்குத் தெரிந்ததுதான். உடைத்த கொஞ்ச நேரத்தில் கல் தன் நாற்றத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அப்படியானால் என் தலைமுடியிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஊர்வலம் கண்ணாடிக்கு இறங்கியது. சிலையும் பாதிரியாரும் மாந்தேயும் ஒரு படகில். சகோதரர்களும் ஜெர்கோவின் மனைவி லூக்ராவும் அடுத்ததில். பின்னால் குழந்தைகளோடு மற்றவர்கள். தண்ணீர் வழக்கமான பச்சையாக இல்லை. பால் பாத்திரத்தைக் கழுவிய நீர் போலிருந்தது. கரைப்பாறைகளில் தண்ணீருக்கு மேலே நண்டுகள் தோளோடு தோளாக வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன.

"பாருங்க, திருநாள் பாக்க இடம் பிடிச்சு உக்காந்திருக்கு," என்றான் ஜெர்கோ. படகே சிரித்தது.

"அத்தான், உங்களுக்குத் தலை வலிக்குதா?" என்று லூக்ரா பார்துலிடம் மெல்லக் கேட்டாள். "எனக்குக் காலையில இருந்து வலிக்குது."

"வெயில்மா," என்றான் பார்துல். அவனுக்கும் வலித்தது.

குளத்தின் நடுவுக்கு வந்தபோது மாந்தே கையை உயர்த்தினாள். "நாத்தம் போயிடுச்சு! சாமி, கவனிச்சீங்களா? மிக்கேல் தண்ணிக்கு நடுவுல வந்ததும் போயே போயிடுச்சு!"

"ஆமா, எனக்கும் இல்லை," என்று பின்படகிலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். ஜெர்கோ சட்டையைக் கழற்றி, கயிற்றின் சுருக்கை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, "குடு," என்று கல்லுக்குக் கையை நீட்டினான்.

பார்துலுக்கும் நாற்றம் நின்றிருந்தது. அவன் கல்லைக் கொடுக்கவில்லை. நாற்றம் நின்றது, நெற்றி வலிக்கிறது என்ற இரண்டும் சேர்ந்து அவன் மனதில் ஒரு சொல்லைத் தேடின. கல்குழியில் என்றால் உடனே கிடைத்திருக்கும். தண்ணீரின் நடுவில் அது வரத் தாமதித்தது.

"என்னண்ணா, விட மனசில்லையா?" ஜெர்கோ சிரித்தான். "செத்த மீனைப் பிரிய இவ்வளவு அழுகையா? லூக்ரா, இவரை யாராவது கட்டிக்கிட்டிருந்தா இப்படி ஆகியிருப்பாரா?"

"இருடா. கொஞ்சம் இரு..."

ஜெர்கோ கல்லைப் பிடுங்கி, மார்போடு அணைத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு குதித்துவிட்டான். வெள்ளைத் தண்ணீர் அவனை மூடிக்கொண்டது. வழக்கமாக அவன் கால் பாதம் ஆழத்தில் மங்குகிற வரை தெரியும். இப்போது தோள் மறைவதற்குள் ஒன்றும் தெரியவில்லை. கயிறு பார்துலின் விரல்களுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தது.

மேல ஏறு.

சொல் இப்போது வந்தது. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. நாற்றம் கல்லில் இல்லை, அவன் முகர்ந்து பார்த்தானே. திருநாளுக்காகக் கல்குழியில் யாரும் உளி தொடவில்லை. அப்படியானால் வாளைக் கருக்க வைத்தது எது? இந்தத் தண்ணீர். கண்ணாடியின் அடியில் காற்று எட்டாத ஒரு கனத்த நீர் எப்போதும் உண்டு. அதில் விழுந்ததெல்லாம் அழுகி, அந்தக் கந்தக வாயுவாகவே கரைந்து நிற்கும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான நீர் லேசானது, மூடி போல அதை அமுக்கி வைத்திருக்கும். மழையில்லாத கோடை மேல்நீரை உப்பாக்கிக் கனக்கச் செய்திருந்தது. வாடைக்காற்று அதைக் குளிர வைத்து இன்னும் கனக்கச் செய்தது. மேலும் கீழும் ஒரே கனமாகிவிட்டால் மூடி எங்கே நிற்கும்? கீழே இருந்தது புரண்டு மேலே வருகிறது. பாறைத்திட்டு இந்நேரம் அதற்குள் இருக்கும்.

பார்துல் கயிற்றை இழுத்தான்.

"அத்தான்! இன்னும் அசைக்கலையே!"

"பார்துல்!" மாந்தேயின் குரல் பாறைகளில் மோதித் திரும்பியது. "சாமிக்குக் குடுத்ததைப் பிடுங்குறியா? கையை எடு!"

அவன் எடுக்கவில்லை. கீழேயிருந்து எதிர்ப்பு இல்லை, ஒரு உதைகூட இல்லை. வலையில் சிக்கிய மரக்கட்டை போல ஒரு கனம் மட்டும் ஏறி வந்தது. அதற்குத்தான் அவன் மிகவும் பயந்தான். ஜெர்கோ மேலே வந்தபோது தலை தொங்கிக்கொண்டிருந்தது. கண்கள் சிவந்து பாதி திறந்திருந்தன. கல் கையில் இல்லை. கழுத்தில் லூக்ரா போட்ட வெள்ளிச் சங்கிலி கரியால் வரைந்த கோடு போலிருந்தது. மாந்தே அதைப் பார்த்தாள். படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னாள்.

கரைக்குத் துடுப்புப் போட்டு, பாதையில் பாதித் தூரம் தூக்கிக்கொண்டு ஓடி, நல்ல காற்றில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்த பிறகுதான் ஜெர்கோ வாந்தி எடுத்தான். லூக்ரா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவனையும் அண்ணனையும் சேர்த்தே திட்டினாள், திட்டிக்கொண்டே அழுதாள்.

அடுத்த நாள் கண்ணாடி முழுக்கப் பாலாக வெளுத்துக் கிடந்தது. சிப்பிகள், கடல்பாசி, குளத்தில் வாழ்ந்த கொஞ்ச மீன்கள் எல்லாம் செத்தன. வாயைப் பிளந்து மிதந்து, சில நாளில் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. குளிர்காலத்து மழையில் தண்ணீர் தெளிந்தது. வசந்தத்தில் பாறை வெடிப்பு வழியாகக் குஞ்சுமீன்கள் உள்ளே வந்தன. கோடையில் குளம் பச்சையாகவே இருந்தது. ஆபத்து கழிந்தது என்றார்கள் எல்லோரும்.

ஜெர்கோ தேறிவிட்டான், மூக்கைத் தவிர. பூண்டு வதங்கினாலும் தெரியாது, மீன் கெட்டாலும் தெரியாது. அதை அவன் வேடிக்கையாக்கிக்கொண்டான். அண்ணன் பக்கத்தில் வந்தாலே, "வருதா?" என்று கேட்பான். பார்துல் மூச்சை இழுத்துப் பார்த்து, "வருது, நீதான்," என்பான்.

அடுத்த மிக்கேல் திருநாளுக்கு பார்துல் மீன் கொடுக்க மறுத்தான். கல்குழியில் ஒரு துண்டின் ஓரத்தைத் துடைத்து, பாதிரியாரிடம் இரட்டைக் கோட்டைக் காட்டினான். "இது போன வருஷம் சாமி," என்று மெல்லிய கோட்டைத் தொட்டான். "இதுக்கு மேல பாருங்க. ஒரு காகித கனம், ஒரு வருஷத்துச் சேறுதான் இடைவெளி, அப்புறம் பெரிய கோடு. மெல்லிசு தனியா வந்ததே இல்லை."

பாதிரியார் அந்த இடைவெளியை நகத்தால் தடவிப் பார்த்தார். "ஜெர்கோ முழுகத்தான் செய்வேங்கறான்," என்றார். "போன வருஷம் திட்டுல வைக்காம விட்டுட்டேன், அது என் கடன்னு சொல்றான். நீ மீன் குடுக்கலைன்னா வெறும் கல்லோட போறானாம். நீதான் பேசணும்."

திருநாள் காலை பார்துல் பேசத்தான் கண்ணாடிக்கு இறங்கினான். இரவு வாடை அடித்து ஓய்ந்திருந்தது. ஜெர்கோ துறையில் படகைக் கழுவிக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் ரொட்டியையும் உப்பு மத்தியையும் பிரித்து வைத்தான். பார்துல் உட்கார்ந்தான்.

"திட்ட வந்திருந்தா சாப்பிட்டுத் திட்டு," என்றான் ஜெர்கோ. "பாரு, லூக்ரா சங்கிலியைப் புதுசாத் துலக்கிக் குடுத்திருக்கா. முழுகறப்போ மின்னணுமாம்."

"நீ முழுகப்போறதில்லை."

"அதெல்லாம் கயிறு பிடிக்கறவன் சொல்லக்கூடாது. வருதா?"

பார்துல் மூச்சை இழுத்தான். கடல் உப்பு, ஈரமரம், மத்தி. "இல்லை," என்றான்.

"அப்புறம் என்ன? மூக்கு நீ, உடம்பு நான். நீ இல்லைன்னா இல்லைதான்."

பார்துல் ரொட்டியைக் கடித்தான். மென்றுகொண்டிருக்கும்போதே, இறங்கி வரும் வழியில் கடைசி வளைவில் நாற்றம் அடித்தது நினைவுக்கு வந்தது. கைதான் என்று நினைத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அவன் உளி தொட்டு ஒரு வாரமாகிறது.

நெற்றிப்பொட்டு வலித்தது. அவன் தம்பியின் கழுத்தைப் பார்த்தான். காலையில் துலக்கிய சங்கிலியில் ஒரு கண்ணிகூட மின்னவில்லை. பாறையின் மேல் நண்டுகள் இருந்தன. போன வருடம் போல வரிசையாக அல்ல, குவியலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

"எழுந்திரு," என்றான்.

"என்ன?"

"மேல ஏறு."

கல்குழியில் சொல்கிற குரலில் சொன்னான். ஜெர்கோ வாயைத் திறந்தான், அண்ணன் முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த ரொட்டியைக் கீழே போட்டான். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பாதையில் ஏறினார்கள். கடைசி வளைவைத் தாண்டி நல்ல காற்று முகத்தில் பட்டதும் பார்துலின் மூக்குக்கு உயிர் வந்தது. கீழேயிருந்து நாற்றம் எழுந்து வந்தது. போன வருடத்து நாற்றம் அல்ல இது, அதைவிடக் கனமானது.

மேலே கோயில் மணி அடித்தது. படகுக்கு வரச்சொல்லும் மணி. பாதையின் உச்சியில் ஊர்வலம் இறங்கி வருவது தெரிந்தது. குழந்தைகள் முன்னால், சிலை பின்னால், எல்லோருக்கும் முன்னால் மாந்தே.

"என்ன பார்துல்," என்றாள் மூக்கை மூடிக்கொண்டு, "இந்த வருஷமும் குளிக்காம வந்துட்டியா?"

பார்துலுக்கு மூச்சு வாங்கியது. தம்பியின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தான். வாழ்நாள் முழுக்க வெள்ளி துலக்கியவள் அதைக் கட்டைவிரலால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு போகவில்லை. திரும்பி, சிலையின் கையில் கருத்திருந்த வாளைப் பார்த்தாள்.

பின்னால் நின்ற குழந்தையின் தோளைப் பிடித்து மலைப்பக்கம் திருப்பினாள். "ஏறுங்க," என்றாள். "பாட்டெல்லாம் வேண்டாம். ஏறுங்க."

ஊர்வலம் சத்தமில்லாமல் திரும்பி ஏறியது. அவர்களுக்குக் கீழே கண்ணாடியில் ஓர் அலைகூட இல்லை. நடுவில் மட்டும், வட்டமாக, வெள்ளை பரவிக்கொண்டிருந்தது.